சாமியிடம் கேட்கக் கூடாத கேள்வி

எங்கள் தொழிலில் ஊசி குத்துவது சுலபம், கேள்வி கேட்பதுதான் கஷ்டம்.

தலவாக்கலைப் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், மனநல கிளினிக்கில் நான் தாதி. டொக்டர்மார் பெரும்பாலும் சிங்களம் பேசுகிறவர்கள். வருகிற நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் தேயிலைத் தோட்டத்து ஆட்கள், தமிழ். நடுவில் நான். மருந்து, பிரஷர், ஊசி என்று எனக்குச் சொல்லப்பட்ட வேலைகள் தனியாக இருந்தாலும் என் நாளில் பாதி மொழிபெயர்ப்பிலேயே போய்விடும். வயிற்றுவலியை மொழிபெயர்க்கலாம். மனவேதனையையும் ஒருமாதிரி சமாளிக்கலாம். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் உள்ளதை மொழிபெயர்க்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அடுத்தவர் வீட்டு விஷயத்தை விசாரித்துச் சம்பளம் வாங்கும் கிராம சேவகர்களே, மிட்வைஃப்மாரே, இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கலாம். பெயர்களை மாற்றிவிட்டேன், தோட்டத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆகவே யாரும் பக்கத்து லயத்து வீடுகளை எட்டிப் பார்க்க வேண்டாம்.

முதல் ஆள்

டொக்டரம்மா தெற்கே காலி ஊர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். சின்ன வயது, பெரிய பிடிவாதம். வந்த வாரமே என்னைக் கூப்பிட்டு, மனச்சோர்வு உள்ள எல்லோரிடமும் தூக்கம், சாப்பாடு பற்றிக் கேட்பதுபோலத் தாம்பத்தியத்தைப் பற்றியும் கேட்க வேண்டும் என்றார். மனம் சோர்ந்தால் அந்த ஆசையும் சோர்ந்துவிடும், உடம்பும் ஒத்துழைக்காது, சில மாத்திரைகளும் சேர்ந்து அதைக் கெடுக்கும், நாமாகக் கேட்காவிட்டால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள், திறக்காமலே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று விளக்கினார். நியாயம்தான். ஆனால் அவர் சிங்களத்தில் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். தமிழில் கேட்க வேண்டியவள் நான்.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர், என் அப்பாவோடு ஒரே மலையில் வேலை செய்தவர். நான் மாமா என்று கூப்பிடுகிற மனிதர். டொக்டரம்மா கேள்வியைப் போட்டார். எனக்குக் காது சுட்டது. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு, "மாமா, அத்தையோட சேந்து இருக்கிறதெல்லாம் முன்ன மாதிரி இருக்கா, இல்லாட்டி கொறஞ்சிருச்சா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன்.

ஏசப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மனசு இப்படி ஆன நாளிலிருந்து ஒன்றுமே இல்லை என்றும், அத்தையின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னார். டொக்டரம்மா எழுதிக்கொண்டார். இதை ஏன் மாமா இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கேக்காத ஆளுககிட்ட நான் எப்பிடிப் புள்ள சொல்றது?"

யார் காலில் விழுவது

அதன்பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஒரு நாள் கொழுந்து பறிக்கிற பெண்ணொருத்தியைக் கணவன் கூட்டிவந்தான். மரக்கறி லொறியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன், ஆள் மலைபோல இருந்தான். அவள் சாப்பிடுவதில்லை, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நேரத்துக்குப் போவதில்லை, பேச்சு குறைந்துவிட்டது. இதையெல்லாம் அவன்தான் சொன்னான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டபோது அவள், "பக்கத்துல வந்தாலே ஒடம்பு கட்டையாப் போயிருது மிஸ்" என்று மட்டும் சொன்னாள். அவன் முகம் விழுந்துவிட்டது.

டொக்டரம்மா அவனுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னார். மருந்து வேலை செய்யும்போது முதலில் தூக்கம் திரும்பும், பிறகு சாப்பாடு, பிறகு வேலையில் மனம் போகும். இந்த ஆசை கடைசியாகத்தான் வரும், அதுவரை அவளை அவசரப்படுத்தக் கூடாது, இது அவன்மேல் உள்ள வெறுப்பு அல்ல, வியாதி. நான் தமிழில் சொல்லச் சொல்ல அந்தப் பெரிய ஆள் சின்னதாகிக்கொண்டே வந்தான். அவள் தன்னை வெறுத்துவிட்டாள் என்றே நம்பியிருக்கிறான். போன தீபாவளிக்கு ஏதோ ஏசியதை நினைத்து நினைத்து மன்னிப்புக் கேட்டபடி இருந்திருக்கிறான். இனி நிம்மதிதானே என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"கோவமா இருந்தா அவ கால்ல விழுந்திருவேன் மிஸ். வியாதின்னா நான் யாரு கால்ல போயி விழுறது?"

மாலை போட்டவர்

இப்போது லோகநாதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான். தேயிலை ஃபெக்டரியில் வேலை, நாற்பது வயதிருக்கும். ஒரே மகள் கொழும்பில் தைக்கிற கம்பெனியில் இருக்கிறாள். வீட்டில் அவரும் மனைவி சரோஜாவும்தான். முதல் தடவை சரோஜாதான் கூட்டிவந்தார். மனுசன் தூங்குவதில்லை, வேலை முடிந்தால் ஃபெக்டரி ஸ்டோருக்குப் பின்னால் தனியாகப் போய் உட்கார்ந்துவிடுகிறார் என்றார். மனச்சோர்வுதான். மாத்திரை தொடங்கினோம். அன்று அவர் கந்தசஷ்டிக்குக் காப்புக் கட்டியிருந்தார்.

விரதம் இருக்கிற ஆளைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சாமியிடம் போய் ராத்திரிச் சமாச்சாரம் கேட்க முடியுமா? விரதம் என்றாலே அது இல்லை என்றுதானே அர்த்தம். டொக்டரம்மாவிடம் சொன்னேன், அடுத்த முறை கேட்கலாம் என்றார். அடுத்த முறை கார்த்திகை பிறந்துவிட்டது. கறுப்பு உடுத்தி ஐயப்பன் மாலை போட்டு வந்தார். மார்கழி போய்த் தை வந்தது, சிவனொளிபாத மலைக்கு நேர்ந்திருந்தார். மாசியில் தோட்டத்துக் காமன் கூத்துக்குக் காப்பு. பங்குனியில் மாரியம்மன் திருவிழா, மஞ்சள் உடுப்பு, தீமிதி. உடுப்பின் நிறம் மாறியதே தவிர மாலை கழுத்தை விட்டு இறங்கவில்லை. தூக்கம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பார். நான் "சரிங்க சாமி" என்பேன். அந்த ஒரு கேள்வி மட்டும் ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவைக்குத் தள்ளிப்போனது.

ஆடி மாதமும் மாலையோடு வந்து நின்றபோது டொக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"இந்த மனுசனுக்கு லீவே கிடையாதா?"

தனியாக இருங்கள்

டொக்டரம்மா கெட்டிக்காரி. ஆனால் லயத்தைப் பஸ்ஸில் போகும்போது பார்த்ததோடு சரி. ஒரு வாலிபனுக்கு, கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது, மனம் தேறி வந்தாலும் மனைவியோடு சேர்வதில் பயம் விட்டபாடில்லை. அவசரம் வேண்டாம், இரண்டு பேரும் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, போனைத் தூர வைத்துவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசிக்கொண்டிருங்கள் என்று டொக்டரம்மா சொன்னார்.

மொழிபெயர்க்கும்போதே எனக்குத் தெரியும், இது நடக்கிற காரியமல்ல என்று. ஆனால் என் வேலை மொழிபெயர்ப்பது. அவன் மரியாதையாகக் கடைசிவரை கேட்டான். அந்த வீட்டில் இருப்பது ஒரே அறை, ஒரே காம்பரா. அதில் அவன், மனைவி, அம்மா, தம்பி, வாழாமல் திரும்பி வந்த அக்கா, அக்காவின் பிள்ளைகள். நடுவில் ஒரு சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதுதான் சுவர். இதை நான் சிங்களத்தில் சொன்னதும் டொக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். அவர் சங்கடப்பட்டதைப் பார்த்து அவனுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது. ஆறுதல் சொல்கிற மாதிரி என் பக்கம் திரும்பிச் சொன்னான்.

"எங்க வீட்டுல தனியா இருக்கிறது அடுப்பு ஒண்ணுதான் மிஸ். அதுக்குப் பக்கத்துலயும் அம்மா ஒக்காந்திருக்கும்."

குதிரைப் போத்தல்

சிவனொளிபாத மலை சீசன் வந்தால் அடிவாரத்து நல்லதண்ணி ஊரில் கடைகள் முளைக்கும். கம்பளித் தொப்பி, அல்வா, பிளாஸ்டிக் பொம்மை, கூடவே லேகியமும் விற்பார்கள். எங்கள் நோயாளி ஒருவர், நுவரெலியாவில் ஆட்டோ ஓட்டுகிறவர், மலைக்குப் போன இடத்தில் ஒரு லேகியக்காரனிடம் மாட்டிக்கொண்டார். மாத்திரை குடிக்கத் தொடங்கிய பிறகு அவருக்கு மனம் தெளிந்திருந்தது, ஆனால் வீட்டில் காரியம் நடக்க வெகுநேரம் எடுத்தது, சில நாள் நடக்கவே இல்லை. மாத்திரை இப்படியும் செய்யலாம் என்று நாங்கள் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவரும் எங்களிடம் சொல்லவில்லை. லேகியக்காரனிடம் சொல்லியிருக்கிறார். அவன், ஆஸ்பத்திரி மாத்திரை ஆண்மையைத் தின்றுவிடும் என்று பயமுறுத்தி, குதிரை பாய்கிற படம் ஒட்டிய போத்தலைக் கையில் கொடுத்துவிட்டான். இவர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் குதிரையைக் குடித்தார். குதிரை நெஞ்சில் ஓடியது. படபடப்பு, தலைசுற்று, போதாக்குறைக்குப் பழைய சோர்வும் திரும்பிவிட்டது. தம்பிதான் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தான்.

டொக்டரம்மா ஏசவில்லை. அந்த மாத்திரை சிலருக்கு அப்படிச் செய்வது உண்மைதான், ஆண்மையைத் தின்னாது, மாத்திரையால் வந்த தடங்கல் பெரும்பாலும் சரிப்படுத்தக் கூடியது, அளவைக் குறைக்கலாம், வேறு மாத்திரை மாற்றலாம், ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது, எங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்றார். மனுசன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் குத்தியது, அதை மறைக்க விரும்பவில்லை. அவர் சொன்னது இதுதான்.

"இத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் குதிரைகிட்ட போயிருக்க மாட்டேனே மிஸ்."

சரோஜா தனியாக வந்தது

புரட்டாசி மாதம் ஒரு கிளினிக் நாளில் லோகநாதன் வரவில்லை, சரோஜா வந்தார். எல்லோரும் போகும்வரை வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். பேசத் தொடங்கியதும் அணை உடைந்ததுபோலக் கொட்டினார். வருசம் முழுக்க வீட்டில் விரதம். அந்தக் குளிரில் விடிவதற்கு முன்னால் தலைக்குக் குளித்துச் சமைக்க வேண்டும். மீன் இல்லை, முட்டை இல்லை, கருவாட்டைக் கண்ணால் கண்டு வருசமாகிறது. சாமி கட்டிலில் படுக்கக் கூடாது, தரையில் தனிப் பாய். லயமே அவரைச் சாமி என்கிறது. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகளுக்குத் திருநீறு பூசக் கூட்டிவருகிறார்கள். சரோஜாவுக்கும் சாமியம்மா என்று பெயர் வைத்தாகிவிட்டது. ஆகையால் யாரிடமும் வாய்விட்டு அழவும் வழியில்லை.

இதற்கு மேல் ஒன்று நடந்திருந்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் வந்து, வருகிற கார்த்திகையிலிருந்து நம்ம தோட்டத்து ஐயப்பன் குழுவுக்கு நீங்கள்தான் குருசாமி என்று கேட்டிருக்கிறார்கள். லோகநாதன், தான் குருசாமியானால் இந்த மாலையை ஆயுசுக்கும் கழற்றப்போவதில்லை என்று சொல்லியிருக்கிறார். கமிட்டிக்காரர்கள் கும்பிட்டார்கள். சரோஜா மறுநாளே குவைத்துக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சியில் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டார். தன்னைப் பிடிக்கவில்லை, அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் கடவுளை நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பது அவருடைய முடிவு. போகிற நாள் வந்தால் போய்விடுவேன் என்றார், நிச்சயமாகப் போவார் போலத்தான் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நான் கழுத்த நீட்டுனது லோகநாதனுக்கு மிஸ். சாமி கும்பிடணும்னா நான் கோயிலுக்குப் போயிக்கிறேன்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டது

லோகநாதனை வரச்சொல்லி ஆள் அனுப்பினோம். வந்தார், மாலையும் நெற்றி நிறையத் திருநீறுமாக. இன்று எப்படியும் கேட்டுவிட வேண்டும் என்று டொக்டரம்மா என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். எனக்கோ நாக்கு எழவில்லை. சாமி என்று கூப்பிட்டுவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டால் எங்கள் ஊரில் அது பாவம். அப்போதுதான் தோன்றியது, சாமி என்று கூப்பிடுவதால்தானே கேட்க முடியவில்லை. கதவைச் சாத்தினேன். "லோகநாதண்ணே" என்றேன்.

மனுசன் தூக்கிவாரிப்போட்டதுபோல நிமிர்ந்தார். எவ்வளவு காலமாக அந்தப் பெயரை ஒருவரும் கூப்பிடவில்லையோ தெரியாது. கண் கலங்கிவிட்டது. பிறகு நான் கேட்கவே தேவைப்படவில்லை, அவரே சொன்னார். தூக்கம் கெட்ட காலத்திலேயே அதுவும் போய்விட்டது. ஓரிரு தடவை முயன்று முடியாமல் போனது. சரோஜா ஒன்றும் சொல்லவில்லை, திரும்பிப் படுத்துக்கொண்டார், அது இவருக்கு அடி விழுந்ததைவிட மோசமாக இருந்தது. அதற்குப் பிறகு இருட்டினாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துச் சஷ்டி வந்தது, காப்புக் கட்டினார். அன்றுதான் பயமில்லாமல் படுத்திருக்கிறார். சஷ்டி முடியப்போகிறது என்றதும் பயம் திரும்பியது, நல்லவேளையாகக் கார்த்திகை வந்தது. இப்படியே ஒவ்வொரு சாமியாகப் பிடித்துக்கொண்டு வருசத்தைக் கடந்திருக்கிறார். பக்தியும் பொய்யில்லை என்றார், நானும் நம்புகிறேன்.

வருசம் முழுக்க இந்த மனிதர் என் முன்னால் உட்கார்ந்து தூக்கம் நல்லது, சாப்பாடு நல்லது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குருசாமியாக வேண்டும் என்று உண்மையிலேயே ஆசையா அண்ணே என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார்.

"மாலையக் கழட்டினா வீட்டுக்குள்ள போகணுமே மிஸ்."

டொக்டரம்மா கட்டிய காப்பு

அவருடைய சம்மதத்தோடு சரோஜாவையும் கூப்பிட்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தோம். நடுவில் ஓர் ஆள் உட்காரக்கூடிய இடம் விட்டுத்தான் உட்கார்ந்தார்கள். இது மனச்சோர்வோடு வந்தது, பிறகு பயம் சேர்ந்துகொண்டது, மாத்திரைக்கும் கொஞ்சம் பங்கு இருக்கலாம், மாத்திரையை மாற்றித் தருகிறேன், யாரும் யாரையும் வெறுக்கவில்லை என்று டொக்டரம்மா சொன்னார். சரோஜா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கணவன் பக்கம் திரும்பி, "அன்னைக்கு நான் திரும்பிப் படுத்தது ஒங்களுக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னுதான்" என்றார். லோகநாதன் மாலையின் மணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அடுத்து டொக்டரம்மா சொன்னதை நான் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டுதான் மொழிபெயர்த்தேன். அடுத்த கிளினிக் வரைக்கும் இருவரும் சேரக் கூடாது. கண்டிப்பாகக் கூடாது. ஆனால் ஒரே படுக்கையில் படுக்க வேண்டும், பேச வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ளலாம், கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் இல்லை. முயற்சி செய்யவே கூடாது என்று ஆகிவிட்டால் தோற்றுப்போகிற பயம் போய்விடும், அதுதான் வைத்தியம். மாலையை அடுத்த நாளே பூசாரியிடம் போய் முறைப்படி கழற்றிவிட வேண்டும். கமிட்டிக்கு, ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கிறேன், குருசாமியாக இருக்க முடியாது என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை.

லோகநாதனின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தார். சரோஜாவோ முதலில் முறைத்தார், இன்னொரு விரதமா என்றார். பிறகு யோசித்துவிட்டு, இதில் மீன், கருவாடு சாப்பிடலாமா என்று கேட்கச் சொன்னார். டொக்டரம்மா தனக்குத் தெரிந்த தமிழில், "உண்டு, உண்டு, நல்லா சாப்பிடு" என்றார். சரோஜா அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். ஆனாலும் ஏஜென்சியில் கொடுத்த பெயரை அடித்துவிடும்படி நான் சொன்னபோது, அதைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வெளியே போகும்போது கணவனைக் காட்டி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"இப்பிடி ஒரு வெரதமும் இருக்குன்னு இந்த மனுசனுக்கு இத்தன நாளா ஒரு சாமியும் சொல்லலையே மிஸ்."

குறித்த நாளுக்கு முன்னால்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லோகநாதனின் மனச்சோர்வு மந்திரம் போட்டதுபோலப் பறந்துவிடவில்லை. அதன்பிறகும் நெடுநாள் மாத்திரை எடுத்தார், நடுவில் ஒரு மழைக்காலத்தில் மறுபடி சோர்ந்தும் போனார், இன்றைக்கும் கிளினிக்குக்கு வருகிறார். நான் சொல்லப்போவது டொக்டரம்மா அந்தக் காப்புக் கட்டிய மாதத்தில் நடந்ததை.

கிளினிக் நாள் இன்னும் வரவில்லை. டொக்டரம்மா நுவரெலியாவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் ஊசி அறையில் இருந்தபோது இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். லோகநாதனின் கழுத்தில் மாலை இல்லை, முகத்தில் இரத்தமும் இல்லை. சரோஜா முக்காட்டை இழுத்து விட்டிருந்தார். மாத்திரையை மாற்றியது ஒத்துக்கொள்ளவில்லையா, மனுசன் ஏதும் தவறான முடிவு எடுக்கப் பார்த்தாரா, இல்லை குவைத்துக்கு நாள் குறித்துவிட்டார்களா என்று மனம் எங்கெல்லாமோ ஓடியது. உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, என்னண்ணே நடந்தது என்றேன்.

"தப்பு நடந்துபோச்சு மிஸ்" என்றார் லோகநாதன்.

என்ன தப்பு என்றேன். அவர் சரோஜாவைப் பார்த்தார். சரோஜா சுவரைப் பார்த்தார். கடைசியில் லோகநாதனே தரையைப் பார்த்துக்கொண்டு, "டொக்டரம்மா போட்ட வெரதம் முறிஞ்சிருச்சு" என்றார். எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் பஞ்சை எடுப்பதுபோல அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், முகத்தைக் காட்ட முடியவில்லை. சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். அவர்களோ பயந்துபோய் நின்றார்கள். சஷ்டி, கார்த்திகை, தை, மாசி, பங்குனி என்று அத்தனையையும் ஒரு பிசகில்லாமல் காத்த மனிதரால் இந்த ஒரு மாதத்தைக் காக்க முடியாமல் போய்விட்டது. விரதம் முறிந்தால் குற்றம், குற்றத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா? டொக்டரம்மா ஏசுவாரா, மாத்திரையை நிறுத்திவிடுவாரா, கோயிலில் செய்வதா ஆஸ்பத்திரியில் செய்வதா என்று லோகநாதன் கேட்டுக்கொண்டே போனார். நான் ஒருவழியாக முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு திரும்பி, வேறொன்றும் தோன்றாமல், ஏஜென்சிக்காரன் கூப்பிட்டானா, குவைத்துப் பயணம் என்னவாயிற்று என்று சரோஜாவைக் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அந்தப் பேச்சு இப்ப எதுக்கு மிஸ்? மொதல்ல இதுக்கு என்ன பரிகாரம்னு சொல்லுங்க!"

எந்தக் கேள்வியையும் கூசாமல் கேட்க என்னைப் பழக்கிவிட்ட இந்தத் தொழில், பரிகாரம் கேட்டு வருகிற புருஷன் பெண்சாதி முன்னால் சிரிக்காமல் நிற்பது எப்படி என்று மட்டும் இன்னும் சொல்லித்தரவில்லை.